எந்த மரத்தது?

பெரியபட்டினத்தில் மீராசா தோப்பு.
நாற்பத்தொரு மாமரம், மரத்துக்கு அறுபது ரூபாய்.
ஏணி அவருடையது, அரிவாள் என்னுடையது,
விழுந்தால் விழுவதும் என்னுடையது.

கிளைக்குக் கிளை வேறொரு பச்சை.
மாவிலை கூர்; இது தடிப்பு, லேசாகச் சாம்பல் பூத்தது,
மரத்துக்குச் சம்பந்தமே இல்லாத செம்பூவைக்
குழல் குழலாக நீட்டிக்கொண்டு.

கட்டைவிரல் அளவில் ஒரு குருவி
பழத்தை விழுங்கிவிட்டுப் பின்பக்கத்தைக்
கிளையில் தேய்க்கிறது.
பசையோடு விதை ஒட்டுகிறது. அவ்வளவுதான் விதைப்பு.
உழவு இல்லை, பாத்தி இல்லை,
மழையை மரம் பார்த்துக்கொள்ளும்.

மழை.
இந்தப் பக்கத்தில் அந்தச் சொல்லைச் சும்மா எடுக்கக் கூடாது.
குடம் பன்னிரண்டு ரூபாய்க்கு லாரித் தண்ணீர் வாங்கும்
மச்சான் வீட்டில் நாலு பேர் ஒட்டியிருக்கிறோம்,
என்ஜினோடு வள்ளம் போன வருஷத்திலிருந்து.
ஒருநாள் ராத்திரி, கை கழுவும்போது,
மச்சான் அந்தச் சொல்லைச் சொன்னார்.
கோபத்தில் இல்லை, பேச்சுவாக்கில்.
அன்றைக்குச் சூடைமீன் குழம்பு, நன்றாயிருந்தது.
மறுநாள் வழக்கம்போல்
புல்லுருவி வெட்டப் போனேன்.

இலையை மட்டும் கழித்தால் ஆவணிக்குள் திரும்பிவிடும்.
முடிச்சுக்கு ஒரு சாண் கீழே,
மரத்தையும் சேர்த்துத்தான் அறுக்க வேண்டும்.
முடிச்சு என்றால் இரண்டும் சேர்ந்து வீங்கிய இடம்.
வெட்டுவாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன்:
ரேகை ஓடுகிறது, எங்கே மாமரம் முடிந்தது
என்று எழுதியிருக்கவில்லை.

டேப்போடு வந்த விவசாயக் கல்லூரிப் பிள்ளை
கீழிருந்தே சொன்னாள்:
"பாதிதாண்ணே ஒட்டுண்ணி. இலை பச்சையா இருக்குல்ல,
சோறு அதுவே ஆக்கிக்கும்.
தண்ணியும் உப்பும்தான் மரத்துக்கிட்ட."
மச்சானிடம் சொல்ல வேண்டும் என்று
சைக்கிளில் வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன்.
உச்சிப்புளி வெயில். வீடு வந்ததும் சொல்லவில்லை.

காய்ந்த தழையை ராமநாதபுரம் கொண்டுபோனால்
அரண்மனைக்குப் பின்னால் நாட்டுமருந்துக் கடை.
வா என்றுகூடச் சொல்லமாட்டார் முத்திருளாண்டி.
முகர்ந்துவிட்டுக் கேட்பார்: "எந்த மரத்தது?"
மாவுக்கு ஒரு விலை, புளிக்கு ஒரு விலை.
எட்டியில் ஏறியது எட்டியேதான்,
கொண்டுவந்தால் காலை ஒடிப்பேன் என்பார்.
வீக்கத்துக்கு, இழுப்புக்கு, பிள்ளை பெற்றவளுக்கு
என்று பொட்டலம் போகும்.
போன தையில் ஏணி சறுக்கி என் முட்டி வீங்கியபோது
அரைத்துக் கட்டினேன். மூன்று வாரத்தில் வடிந்தது.
தழையா, மூன்று வாரமா, தெரியாது.

நாற்பத்தொன்றாவது மரம் கடலைப் பார்த்தது.
உச்சியில் நின்றால் அப்பா தீவு தெரியும்,
என் வள்ளம் திரும்பாத தண்ணீரும்.
அந்தக் கொத்தில் மயிர் வைத்த புழுக்கள்
ஒரே இலையை வரிசையாகத் தின்றுகொண்டிருந்தன.
பக்கத்தில் கூடாகித் தொங்கியவற்றில் ஒன்று வெடித்து
மஞ்சள் சிறகு, ஓரத்தில் சிவப்பு,
இன்னும் ஈரம்.
கீழே அதன் பழுத்த இலைகள் விழுந்த வட்டத்தில் மட்டும்
மணல் கறுத்திருந்தது; மண்புழு எச்சம்.
அரிவாளை இடுப்பில் செருகினேன்.

"ஏ சந்தியாகு, அந்த ஒண்ணு?"
"முசுறுக் கூடு, முதலாளி. அடுத்த மாசம்."
"அடுத்த மாசத்துக்கும் வேலை வச்சுக்கிட்டியாக்கும்."
அதுவும் பொய்யில்லை.

வெட்டியதில் ஒரு கட்டு மச்சானின் ஆடுகளுக்கு.
ராத்திரி அவர் வலத் தோளைப் பிடித்துக்கொண்டு
வாசலில் வந்து நின்றார். வலை இழுத்த தோள்.
"அந்தத் தழை மிச்சம் இருக்கா?"
இருந்தது.
"எந்த மரத்தது?"
"மாமரம்" என்றேன்.
அம்மியைக் கழுவ வேண்டும், அரைக்க வேண்டும்.
குடத்தைச் சாய்த்து
அரைக் குவளை எடுத்தேன்,
அவர் பார்க்கிற மாதிரி அளந்து.